நீலத்துக்குள் நிற்கலாம்

ஜனவரி 20

என் வீட்டுக்காரர் வங்கியிலிருந்து கொண்டுவந்த டைரி இருபது நாளாக மேசையில் சும்மா கிடக்கிறது. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். நான் பார்த்தேன். ஏப்ரலில் இரண்டு பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

காஸ் சிலிண்டர் வந்தது. சீல் லேசாகக் கிழிந்திருந்ததால் திருப்பி அனுப்பிவிட்டேன். கொண்டுவந்தவர், "இந்தத் தெருவுல நீங்க ஒருத்தர்தான் மேடம் இப்படி" என்று முணுமுணுத்துக்கொண்டே போனார். போகட்டும். எதையும் சரிபார்க்காமல் உள்ளே விடுவது எனக்குப் பழக்கமில்லை.

அலுவலகத்தில் முனையன் கால்வாய் வேலை. ராமநாதபுரம் கரைக்கும் ஒரு குட்டித் தீவுக்கும் நடுவே கடல் குறுகி ஓடும் இடம் அது. கடல் ஏறும்போதும் இறங்கும்போதும் பாயும் தண்ணீரில் மின்சாரம் எடுக்க ஒரு கம்பெனி இரண்டு டர்பைன் நிறுத்தியிருக்கிறது. அந்தத் தண்ணீரைக் கணினிக்குள் ஓடவிட்டுப் பார்ப்பது என் வேலை. கடலில் கால் நனைத்தே ஆறு வருஷம் ஆகிறது என்பது வேறு விஷயம்.

இப்போது அவர்கள் கேட்டிருப்பது இதுதான். ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் நடுவில் தண்ணீர் இருபது நிமிஷம் அசையாமல் நிற்கும். அந்த நேரத்தில்தான் முக்குளிப்பவர்கள் இறங்கி, தூணில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டி, கேபிள் கவ்விகளை மாற்றுகிறார்கள். இருபது நிமிஷம் போதவில்லை. ஓட்டம் திரும்பத் தொடங்கிய பிறகும், டர்பைனை நிறுத்திவைத்துத் தூணின் மறைவில் நின்றால் இன்னும் எத்தனை நிமிஷம் வேலை செய்யலாம்?

நல்ல கேள்வி.

ஜனவரி 22

முழுக் கால்வாயையும் கொடுத்தால் கணினி பதினொரு நாள் கேட்கிறது. புதன்கிழமைக்கு இரண்டு நாள்தான் இருக்கிறது. எங்கள் முதலாளி தணிகாசலம் சார் வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

"வடிவு, புதன்கிழமை போயாகணும்மா. படம் பளிச்சுனு இருக்கட்டும், அவங்க படத்ததான் பாப்பாங்க."

ஆகவே பாதி. தூணின் நடுவே ஒரு கோடு கிழித்து, இந்தப் பக்கத் தண்ணீரை மட்டும் கணக்கிடச் சொல்வது. அந்தப் பக்கமும் இதேபோலத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டு, கடைசியில் படத்தைத் திருப்பிப் போட்டு ஒட்டிவிடுவது. எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வதுதான்.

மாவு அரைக்க மறந்துவிட்டேன்.

ஜனவரி 24

அறிக்கை போய்விட்டது. தூணுக்குப் பின்னால் நீளமாக ஒரு நீல வால். வேகமான இடமெல்லாம் சிவப்பு, அமைதியான இடம் நீலம். நீலத்துக்குள் நின்றால் மொத்தம் ஐம்பது நிமிஷம் வேலை செய்யலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தணிகாசலம் சார் படத்தைப் பார்த்து, "கேலண்டர்ல போடலாம்" என்றார்.

படம் இரண்டு பாதியை ஒட்டியது என்று அறிக்கையில் எழுதவில்லை. யாரும் கேட்கவில்லை.

ஜனவரி 28

கம்பெனிக்காரர்கள் என் எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள் போல. முக்குளிக்கும் குழுவின் தலைவர் போன் செய்தார். பெயர் மீராசா, வயது முப்பத்தைந்து. சங்கு குளிக்கும் குடும்பமாம். குரலில் எப்போதும் ஒரு சிரிப்பு இருக்கிறது.

"அக்கா, உங்க படத்த கலர்ல பிரிண்டு போட்டு, பிளாஸ்டிக் உறை ஒட்டி, படகுல மாட்டியிருக்கேன். பயலுவகிட்ட சொல்லிட்டேன், இந்த நீலத்துக்குள்ள நின்னா ஒண்ணும் ஆவாது, சென்னையில ஒரு அக்கா கணக்குப் போட்டு வச்சிருக்காகண்டு."

அப்படியெல்லாம் மாட்ட வேண்டாம் தம்பி என்றேன். கூச்சத்தில் சொல்கிறேன் என்று நினைத்து இன்னும் சிரித்தார்.

பிப்ரவரி 3

இன்று நவமி. ஓட்டம் மெதுவாக இருக்கும் நாள் பார்த்துத்தான் இறங்குவார்கள். மாதத்துக்கு இரண்டு முறை வரும். மீராசா இறங்கி ஏறியிருக்கிறார். ஒரு டர்பைனில் பாதி வேலை முடிந்ததாம். மறுபாதி 18ஆம் தேதி, அடுத்த நவமிக்கு.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது. நான் ஏன் காலையிலிருந்து போனைக் கையிலேயே வைத்திருந்தேன் என்று தெரியவில்லை.

பிப்ரவரி 4

மத்தியானம் மீராசா போன் செய்தார். வேடிக்கைக் கதை சொல்வதுபோலத்தான் ஆரம்பித்தார்.

"அக்கா, உங்க நீலத்துக்குள்ளதான் நின்னேன். முதல்ல குளம் மாதிரி கெடந்துச்சு. அரை மணி நேரம் ஆச்சு. அப்புறம் யாரோ முதுகுல கை வச்சு இந்தப் பக்கம் தள்ளுற மாதிரி. கொஞ்ச நேரம் கழிச்சு அந்தப் பக்கம். மறுபடி இந்தப் பக்கம். சும்மா இருக்காம எண்ணிப் பாத்தேன். போயிட்டுத் திரும்ப பதினாலு எண்ணிக்கை. ஒவ்வொரு தடவையும் பதினாலு! கடலுக்குள்ள யாரோ தொட்டில் ஆட்டுறாக போல. அது என்னக்கா?"

ஏதோ சொன்னேன். போனை வைத்துவிட்டேன்.

துணி மடித்தேன். இவருடைய சட்டைகளை இரண்டு முறை மடித்தேன். இரவு சாப்பாட்டுக்கு உப்புமா.

பிப்ரவரி 5

காலையில் முதல் வேலையாக முழுக் கால்வாயையும் கணினிக்குக் கொடுத்து ஓடவிட்டேன். பதினொரு நாள். 16ஆம் தேதி முடியும். 18க்கு இரண்டு நாள் மிச்சம் இருக்கும். போதும்.

எதற்கும் எழுதி வைக்கிறேன். பாதியை மட்டும் கொடுத்தால் அந்த நடுக்கோட்டில் ஒரு சுவர் முளைத்துவிடுகிறது. கண்ணாடி மாதிரி வழவழப்பான சுவர். தண்ணீர் அதைத் தாண்டாது, ஆகையால் தூணுக்குப் பின்னால் எல்லாம் சாதுவாக நிற்கும். கடலில் அங்கே சுவர் கிடையாது. தூணின் இடப்பக்கம் ஒரு சுழல் உருண்டு பிரியும், பிறகு வலப்பக்கம் ஒன்று. அந்த நீல வால் ஒரு இடத்தில் நிற்காமல் ஆடும். ஓட்டம் வேகம் பிடிக்கப் பிடிக்க அடியும் பலமாகும்.

ஆடலாம். ஆடும் என்று சொல்லவில்லை. மெஷின் சொல்லட்டும்.

பிப்ரவரி 6

வால் ஒருமுறை ஆடித் திரும்ப எத்தனை விநாடி என்று பால்காரர் சீட்டின் பின்புறம் பென்சிலால் போட்டுப் பார்த்தேன். தூண் இரண்டு மீட்டர் கனம். அந்த நேரத்தில் ஓட்டம் விநாடிக்கு எழுபது சென்டிமீட்டர். பாடப்புத்தகச் சூத்திரம், மூன்று வரிக் கணக்கு.

14.

சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

பிப்ரவரி 8

தணிகாசலம் சார் கண்டுபிடித்துவிட்டார். கணினி இத்தனை நாளாக எதை மென்றுகொண்டிருக்கிறது என்று பார்த்திருக்கிறார். அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். சொன்னேன். சுவர், சுழல், வால் ஆடுவது எல்லாம். மீராசா எண்ணியதை மட்டும் சொல்லவில்லை.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி யோசித்தார்.

"இப்ப என்னன்னு சொல்லுவ? ஆடலாம், ஆடாமலும் போலாம்னா? சிரிப்பாங்க. ரிசல்ட் வரட்டும்மா. வந்ததும் முறையா ஒரு திருத்தம் அனுப்பலாம். பதினெட்டுக்குத்தான இறங்குறாங்க?"

"ஆமா சார்."

"அப்புறம் என்ன."

எனக்கு நிம்மதியாக இருந்தது. எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் நிம்மதியாகத்தான் இருந்தது.

பிப்ரவரி 10

மாடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவ ஆள் வந்தார். தொட்டிக்குள் இறங்கித் தேய்த்துக்கொண்டிருந்தவரை இரண்டு முறை வெளியே வரச் சொன்னேன். முதல் தடவை டீ குடிக்க. இரண்டாவது தடவைக்குக் காரணம் கிடைக்கவில்லை. முழங்கால் அளவு தண்ணீர்கூட இல்லை. "என்னாச்சும்மா உங்களுக்கு?" என்று கேட்டார்.

சாப்பிடும்போது இவரும் அதையேதான் கேட்டார். "ஏட்டி, ஒரு வாரமா பேயறைஞ்ச மாதிரி இருக்க. ஆபீஸ்ல யாரும் ஏசுனாவளா?"

ஒன்றுமில்லை என்றேன்.

"அப்ப சவத்த மூடி வச்சிட்டுச் சோத்தத் தின்னு."

இவரிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் உடனே போன் செய் என்பார். அதனால்தான் சொல்லவில்லை.

பிப்ரவரி 11

மீராசாவின் எண்ணைப் போட்டேன். முதல் மணி முழுதாக அடிப்பதற்குள் வெட்டிவிட்டேன். ஐந்து நிமிஷத்தில் அங்கிருந்து போன் வந்தது. பேசியது அவர் மனைவி ஜொகரா.

"அக்காவா? இவுக வலை பின்னிக்கிட்டு இருக்காக. உங்க பேச்சுதான் எப்பவும். உங்களுக்குண்டு தொதல் கிண்டியிருக்கேன், கூரியர்ல போட்டிருக்கு. வந்ததும் சாப்பிட்டுட்டு எப்படிண்டு சொல்லணும்."

சரிம்மா என்றேன். வேறு என்ன சொல்வது? ஒரு வாய் திறந்தால் போதும், மூன்று வார்த்தை. இறங்க வேண்டாம் தம்பி. அதற்கு ஏன் என்பார். நான் கணக்கைத் தப்பாகப் போட்டேன் என்று சொல்ல வேண்டும். தப்பாக என்றுகூட இல்லை. தெரிந்தே போட்டேன். பதினெட்டு வருஷ வேலை. கையெழுத்துக்குக் கீழே என் பெயர்.

பிப்ரவரி 13

தொதல் வந்தது. அல்வா மாதிரி கறுப்பாக, பளபளவென்று, நெய்யும் தேங்காய்ப்பாலும் மணக்கிறது. இவர் நான்கு துண்டு சாப்பிட்டார். என் பங்கையும் அவர் பக்கம் தள்ளினேன்.

மாலை நான்கு மணிக்கு அலுவலகத்தில் மின்சாரம் போனது. பேட்டரியும் கைவிட்டது. கணினி மூன்று நாளுக்கு முன்பு சேமித்த இடத்திலிருந்துதான் மறுபடி தொடங்குகிறது. இனி 19ஆம் தேதிதான் முடியும்.

18க்கு அப்புறம் 19.

பயமாக இருக்கிறது. வேறு வார்த்தை தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

பிப்ரவரி 15

முடிந்தவரைக்கும் எடுத்துப் படமாக்கிப் பார்த்தேன். மத்தியானம், எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். மாடு ஈ ஓட்டுவதுபோல அந்த நீல வால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடித்துக்கொண்டிருந்தது. வால் விலகிய இடத்தில் சிவப்பு புகுந்தது. வரைபடத்தில் ஆள் நிற்கும் இடத்தில் ஒரு புள்ளி வைத்திருந்தேன். அந்தப் புள்ளிக்கு நேரே ஒன்றரை ஆள் தூரத்தில், நிறுத்திவைத்த டர்பைனின் இறக்கை. சிப்பி ஒட்டினால் அதன் விளிம்பு அரிவாள்மணைதான். மீராசாவுக்கு மூச்சு மேலே படகிலிருந்து ஒரு ரப்பர் குழாயில் போகிறது.

நாளை காலை சொல்லிவிடுவேன். தணிகாசலம் சார் என்ன சொன்னாலும் சரி. இன்றைக்கே சொல்லலாம்தான். ஆனால் வார்த்தையைச் சரியாக எழுதி வைத்துக்கொண்டு பேச வேண்டும். 18க்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது.

பிப்ரவரி 16

சொல்ல வேண்டியதை எழுதி வைத்திருப்பதால் டைரியை அலுவலகத்துக்கு எடுத்து வந்திருந்தேன்.

காலை ஒன்பதே முக்காலுக்கு மீராசாவின் எண்ணிலிருந்து செய்தி வந்திருந்ததைப் பார்த்தேன். ஏழரைக்கே அனுப்பியிருக்கிறார். 'நாளண்டைக்கு வாடைக்காத்து பலமா இருக்கும்கிறாக. அதனால இன்னைக்கே இறங்குறோம். துவா செய்யுங்க அக்கா.' கீழே படகில் மாட்டிய என் படத்தின் போட்டோ.

போன் செய்தேன். படகோட்டி சவேரியான் எடுத்தார். பின்னால் கம்ப்ரஸர் சத்தம்.

"அண்ணன் கீழ இருக்காரும்மா."

"எவ்ளோ நேரமாச்சு?"

"அம்பது நிமிசம் ஆகப்போவுது. ஓட்டம் திரும்பிடுச்சு. ஆனா நீலத்துக்குள்ளதான் நிக்காரு, பயப்படாதிய."

"தூக்குங்க. உடனே மேல தூக்குங்க."

"என்னம்மா சொல்றிய, இன்னும் ரெண்டு கவ்விதான்..."

"அந்தப் படம் தப்பு! தப்பு, தப்பு! கயித்த இழுங்க!"

அலுவலகம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. சவேரியான் போனைக் கீழே வைத்துவிட்டார் போலிருக்கிறது, இணைப்பு அறுபடவில்லை. நான்கு முறை கயிற்றை இழுத்தால் மேலே வா என்று அர்த்தம். அவர் எண்ணுவது கேட்டது. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. பதில் இழுப்பு வரவில்லை போல. மறுபடி எண்ணினார். பிறகு யாரோ, "குழாயப் பாரு, குழாயப் பாரு, காத்து குமிழ் குமிழா வருது" என்று கத்தினார்கள். கம்ப்ரஸர் சத்தம் நின்றது. பிறகு தண்ணீர்ச் சத்தம், வெறும் தண்ணீர்ச் சத்தம்.

நான் என்னையறியாமல் எண்ணிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தடவையும் பதினாலில் நின்று மறுபடி ஒன்றிலிருந்து.

பிப்ரவரி 16, பத்தே முக்கால்

அப்போதே தூக்கிவிட்டார்களாம், இப்போதுதான் சவேரியான் சொன்னார். மூச்சு இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள்.

பிப்ரவரி 16, பதினொன்றரை

கம்பெனிக்கு எழுதிவிட்டேன். அறிக்கையை நம்ப வேண்டாம், யாரையும் இறக்க வேண்டாம், பாதியை மட்டும் கணக்கிட்டு ஒட்டியது நான்தான் என்று. தணிகாசலம் சாரைக் கேட்கவில்லை. ஆறு வரி. இதை எழுத எனக்கு ஆறு நிமிஷம்தான் ஆனது.

பிப்ரவரி 18

ராமநாதபுரம். நேற்றே வந்துவிட்டேன். இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு வார்த்தை ஏசவில்லை, டிக்கெட் எடுத்துக் கொடுத்தார். ஏசியிருக்கலாம்.

இன்று நவமி.

நேற்று அவரைப் பார்க்க விடவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் ஜொகரா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. "நீங்க போன் போடலைண்டா என் மாப்புள எனக்கில்லக்கா. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுச்சு? அல்லாதான் உங்க மனசுல போட்டிருக்கான்." பக்கத்தில் நின்ற அவள் மாமியாரும் என் தலையைத் தொட்டார். நான் நின்றபடி அந்த நன்றியை வாங்கிக்கொண்டேன். இதுவரை செய்ததிலேயே கேவலம் அதுதான் என்று தோன்றுகிறது.

சவேரியான் விவரம் சொன்னார். ஓட்டம் ஒரே தள்ளாகத் தள்ளி மீராசாவை இறக்கையில் அடித்திருக்கிறது. காறை எலும்பு முறிந்தது. குழாய் அறுந்தது. மூச்சில்லாமல் ஒரே இழுப்பில் மேலே வந்ததில் வலக்காதின் சவ்வு கிழிந்து, உள்ளேயும் ஏதோ சேதம். இனி அவர் ஆழத்துக்குப் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். கரையில் அவருக்கு வேறு என்ன வேலை தெரியும் என்று நான் கேட்கவில்லை. சவேரியான் தானாகவே, "அவருக்கு வேற ஒண்ணும் தெரியாதும்மா" என்றார்.

இன்று பத்து மணிக்கு உள்ளே விட்டார்கள். தோளில் கட்டோடு சாய்ந்திருந்தார். அவரை நேரில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. குரலை வைத்து நான் நினைத்ததைவிட ஒல்லியாக இருந்தார். ஜொகரா டீ வாங்கப் போனாள். கட்டிலின் வலப்பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்தேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுதி மனப்பாடம் செய்ததை எல்லாம் குனிந்த தலையோடு ஒரே மூச்சில் கொட்டினேன். கோடு, சுவர், ஒட்டிய படம், நேரமில்லை என்று பாதியில் முடித்தது. நீங்கள் எண்ணிச் சொன்ன அன்றைக்கே எனக்குத் தெரியும், பன்னிரண்டு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தேன் என்பதையும்.

சொல்லி முடித்து நிமிர்ந்தேன். அவர் அப்போதுதான் என் பக்கம் திரும்பினார். முகத்தில் அதே சிரிப்பு.

"என்னமோ சொன்னியளாக்கா? அந்தக் காது கேக்க மாட்டேங்குது. இந்தப் பக்கம் வந்து சொல்லுங்க."

ஒன்றுமில்லை தம்பி, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அந்த எண்ணம் வந்தது. வரவில்லை என்று இந்த டைரியில் எழுத மாட்டேன். ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு கட்டிலைச் சுற்றி நடந்தேன். ஆறு அடி இருக்கும்.

இடப்பக்கம் உட்கார்ந்து மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். இந்த முறை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. சிரிப்பு எந்த இடத்தில் போனது என்று பார்த்தேன். பதினாலு என்ற இடத்தில்.

பிறகு கேட்டார்.

"பென்சில்லயே வந்துச்சுண்டு சொல்றியளே. அப்புறம் எதுக்கு மிஷினுக்குக் காத்துக்கிட்டு இருந்திய?"

ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"நான் உங்ககிட்ட கேட்டேன்லக்கா, அது என்னண்டு. நீங்க அன்னைக்கு போன்ல என்ன சொன்னிய, ஞாபகம் இருக்கா?"

இருக்கிறது என்றேன்.

"எனக்கும் இருக்கு" என்றார். நான் எழுந்து கட்டிலைச் சுற்றி வலப்பக்கம் வாசலுக்கு வந்தபோது முகத்தை மறுபடி ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். கேட்காத காது என் பக்கம் வந்தது.

பிப்ரவரி 19

கணக்கு முடிந்துவிட்டதாம். தணிகாசலம் சார் போன் செய்து எண்ணைச் சொன்னார். 14.3. "நீ மெயில் அனுப்பறதுக்கு முன்னாடி என்ன ஒரு வார்த்த கேட்ருக்கலாம்" என்றார். நாளை வருகிறேன் சார், பேசுவோம் என்றேன்.

காலையில் படகுத்துறைக்குப் போய்ச் சவேரியானிடம் அந்தப் படத்தைக் கழற்றித் தரச் சொன்னேன். உறை ஒட்டியிருந்ததால் நனையாமல் புதிதாகவே இருக்கிறது. பைக்குள் மடிக்க முடியாமல் கையில் வைத்திருக்கிறேன்.

இப்போது ரயிலுக்குக் காத்திருக்கிறேன். பிப்ரவரி 4ஆம் தேதிப் பக்கத்தை எடுத்து, 'ஏதோ சொன்னேன்' என்று இருந்ததை அடித்துவிட்டு, சொன்னதை அதன் மேலேயே எழுதினேன்.

'அலையாத்தான் இருக்கும் தம்பி. நீங்க நீலத்த விட்டு மட்டும் வெளிய வந்துடாதீங்க.'